தட்டிக் காட்டிய விறகு

என் அக்கா வீட்டுக்காரரை எங்கள் தெருக்களில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. டங்காரர் என்பார்கள். "டங்காரர் வண்டி போயிடுச்சா?", "டங்காரர்கிட்ட அரை லோடு சொல்லி வை" என்று இப்படித்தான் பேச்சு. பழைய பிக்கப் வண்டி ஒன்றில் விறகை ஏற்றிக்கொண்டுபோய் வீட்டு வாசலிலும் கடைக் கொல்லையிலும் இறக்கிக் கொடுப்பது அவர் தொழில். பட்டப்பெயரைத் தேடிக்கொண்டவரும் அவரேதான்.

எங்கே போனாலும் வண்டியின் பின்கதவைத் திறந்ததும் லோடிலிருந்து கைக்கு அகப்பட்ட இரண்டு கட்டைகளை உருவுவார். வாங்குகிறவரைக் கூப்பிட்டு, அவர் முகத்துக்கு நேரே இரண்டையும் ஒன்றோடொன்று தட்டுவார். டங்.

"கேட்டீங்களா?" என்பார்.

அவர்கள் தலையாட்டினால்தான் அடுத்த கட்டை கீழே இறங்கும். அவசரத்தில் இருக்கிறவர்கள் "அட, இறக்குங்க, உங்களைத் தெரியாதா?" என்றால் கோபம் வந்துவிடும். "என்னை நம்ப வேணாம், கட்டையைக் கேளுங்க" என்று மறுபடியும் தட்டுவார். குளித்துக்கொண்டிருந்தவர் துண்டோடு வந்து கேட்டுவிட்டுப் போனதும் உண்டு.

விறகில் எல்லாமே பொய் சொல்லும். மரம் வெட்டவெளியில் கிடந்தால் பட்டை உரிந்துவிடும், முனை வெடித்துவிடும், நிறம் சாம்பலாகிவிடும். பார்த்தால் பத்து வருடம் காய்ந்த மாதிரி இருக்கும். பிளந்து அடுப்பில் வைத்தால் முனையில் தண்ணீர் கொப்புளிக்கும். கனத்தையும் நம்ப முடியாது, சில மரம் காய்ந்தாலும் கல்லுதான். தட்டினால் மட்டும் குட்டு உடைந்துவிடும். காய்ந்தது டங் என்னும். பச்சை, ஈரத்துணியைக் கல்லில் அடித்த மாதிரி தப் என்னும். இதை அவர் எனக்கு முதல் நாளே சொல்லிவிட்டார். நான் அதற்கு முன் ஒரு ஜெராக்ஸ் கடை, ஒரு செல்போன் ரிப்பேர் கடை, ஒரு மீன்தொட்டிக் கடை என்று மூன்றைத் திறந்து மூன்றையும் மூடியவன். நாற்பத்தோரு வயதில் அக்கா வீட்டுக்காரர் வண்டியில் கட்டை ஏற்றப் போனதில் எனக்கொன்றும் வெட்கமில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அவர் ஒரு நாளும் அதைக் குத்திக்காட்டியதில்லை. "மாப்ள" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசியதில்லை.

என் வேலை ஏற்றுவது, இறக்குவது, நடுவில் பேசுவது. எனக்கு வாய் ஓயாது. மூன்று கடை மூடியதற்கு அதுதான் காரணம் என்று அக்கா சொல்வாள். வண்டி கிளம்பினால் நான் ஆரம்பித்துவிடுவேன். அவர் ரோட்டைப் பார்த்தபடி "ம்" கொட்டுவார். நான் இல்லாவிட்டாலும் கொட்டுவார் என்பது வேறு விஷயம். வண்டி ஓட்டும்போது தனக்குத்தானே "ம்... ம்" என்று சொல்லிக்கொள்வது அவர் பழக்கம், ரோடு அவருக்கு ஏதோ கதை சொல்கிற மாதிரி.

விறகு அடுக்கி வைக்கிற எங்கள் யார்டில் கட்டை பிளக்கிற மெஷின் ஒன்று உண்டு. அது போடுகிற சத்தத்தில் பல் கூசும். நான் காதுக்கு இரண்டு பக்கமும் மூடி மாட்டிக்கொண்டுதான் பக்கத்தில் போவேன். அவருக்கும் ஒன்று வாங்கி ஆணியில் மாட்டி வைத்திருந்தோம். தொட மாட்டார். "காதை மூடிட்டா கட்டை என்ன சொல்லுதுன்னு எப்படித் தெரியும்?" என்பார். பிளக்கும்போது எழும் சத்தத்திலேயே எது காய்ந்தது, எது பச்சை என்று பிரித்து இரண்டு பக்கமாக வீசுவார். இருபத்தேழு வருடம் அப்படித்தான் வேலை செய்தார். அந்த மூடியின் மேல் சிலந்தி கூடு கட்டியிருந்தது.

போன மழைக்கு அப்புறம் ஒரு நாள், இடது பக்கம் திரும்பின வண்டி திரும்பி முடிந்தும் இண்டிகேட்டர் அடித்துக்கொண்டே இருந்தது. டிக் டிக் டிக். மூன்று தெரு தாண்டியாயிற்று. பின்னால் வந்த ஸ்கூட்டர்காரன் எங்கள் குலம் கோத்திரம் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுப் போனான்.

"மாமா, இண்டிகேட்டர்" என்றேன்.

"ம்" என்றார்.

அடித்துக்கொண்டே இருந்தது. நான் குனிந்து கையை நீட்டி நிறுத்தினேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "என்ன வேணும்?" என்றார். அதற்கப்புறம் கவனிக்க ஆரம்பித்தேன். வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து பேசினால் எல்லாம் சரியாக இருக்கும், அக்காவின் குரலும் லேசுப்பட்டதல்ல. ஆனால் முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. எல்லாரும் சிரித்து முடித்த பிறகு அவர் சிரிப்பார்.

அக்காவிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள், மடிப்பதை நிறுத்தவில்லை.

"எனக்கு ஒரு வருஷமாத் தெரியும்" என்றாள்.

"அப்ப டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போக வேண்டியதுதானே?"

"கேட்டேன். தட்டைத் தள்ளி வெச்சுட்டு எழுந்து போனாரு. ரெண்டு நாள் யார்டு ஷெட்லயே படுத்துக் கெடந்தாரு. காதுல அழுக்கு, எண்ணெய் விட்டாச் சரியாயிடும்னாரு. நீ அவங்கப்பாவைப் பாத்ததில்ல. பாத்திருந்தா இப்படிக் கேக்க மாட்டே."

அவருடைய அப்பாவும் மரம் அறுத்தவர்தான். அவருக்கு ஐம்பத்தைந்தில் காது போயிற்று. காதில் மாட்டுகிற மெஷின் ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள், அது ‘கீ’ என்று கத்துகிறது என்று கழற்றித் தீப்பெட்டிக்குள் போட்டு வைத்துவிட்டாராம். அப்புறம் யாரும் அவரிடம் கத்திக்கொண்டிருக்கவில்லை. "சாப்பிடு, குளி, படு. கடைசி ஆறு வருஷம் எங்கப்பாகிட்ட நாங்க பேசினது இந்த மூணுதான்" என்று மாமாவே ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார். "அவரு கட்டில்ல உக்காந்து எங்க வாயையே பாத்துட்டு இருப்பாரு. நாங்க அந்தப் பக்கம் திரும்பிக்குவோம்." இதைச் சொல்லும்போது ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"அந்தக் கட்டில் உங்களுக்கும் வந்தாச்சுன்னு அவருகிட்ட சொல்ல உனக்கு தைரியம் இருந்தா சொல்லு, எனக்கு இல்ல" என்றாள் அக்கா. எனக்கும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் கூடிப்பேசி, ஒன்றும் சொல்லாமல் இருப்பது என்ற பெரிய முடிவை எடுத்தோம்.

அப்புறம் நானே திருட்டுத்தனமாக ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். அவர் காலையில் டீ குடிக்கப் போகிற பத்து நிமிடத்தில், ஏற்ற வேண்டிய குவியலை நான் ஒவ்வொன்றாகத் தட்டுவேன். தப் என்றால் தூக்கிப் பின்பக்கம் வீசுவேன். அவர் வந்து அதே குவியலில் இரண்டைத் தட்டுவார், டங். முகம் மலர்ந்துவிடும். அவருக்கு அது கேட்டதா என்று எனக்குத் தெரியாது. இருபத்தேழு வருடம் கேட்ட சத்தம் தலைக்குள்ளேயே குடியேறிவிட்டது, கட்டையைத் தட்டியதும் அது தானாக அடிக்கிறது என்று நினைக்கிறேன். ஏழு மாதம் இப்படி ஓடியது. டங்காரர் விறகில் ஒரு சொட்டு ஈரம் இல்லை என்ற பேர் கெடவில்லை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

என் கடைவாய்ப் பல் அதற்கு உலை வைத்தது. கன்னம் தேங்காய் மாதிரி வீங்கிவிட்டது. பல்லைப் பிடுங்கிவிட்டு இரண்டு நாள் வாயில் பஞ்சோடு படுத்திருந்தேன். அந்த இரண்டு நாளில், ரோடு அகலப்படுத்தினபோது வெட்டிப்போட்ட மரம் என்று ஒரு காண்ட்ராக்டர் லாரியோடு வந்திருக்கிறான். ஒரு வருடம் ரோட்டோரம் வெயிலில் கிடந்த மரம், முனையெல்லாம் வெடிப்பு. மாமா இரண்டைத் தட்டிப் பார்த்து, "ஒண்ணாம் நம்பர்" என்று சொல்லி வாங்கி, பிளந்து, அப்படியே பேக்கரிக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டார்.

பேக்கரி என்றால் எங்களுக்குப் பாதிச் சோறு. வீடுகளில் குளிர்காலத்தில்தான் வெந்நீருக்கும் குளிர்காயவும் விறகு வாங்குவார்கள். வெயில் வந்துவிட்டால் வருடத்தில் ஐந்து மாதம் எங்கள் வண்டி ஓடுவது அந்த ஒரு செங்கல் அடுப்புக்காகத்தான். பேக்கரி நடத்துகிற அம்மா அதிகம் பேச மாட்டார். ஆனால் கேஸ் அடுப்பு விற்கிறவன் மூன்று முறை வந்து போனதும், அவன் கொடுத்த வண்ணப்படம் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருப்பதும் எங்களுக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் காலையில் அந்த அம்மா போன் செய்தார். நல்லவேளையாக அக்கா எடுத்தாள். "ரெண்டு நாளா அடுப்பு புகையுது. ரொட்டி அத்தனையும் புகை நாத்தம். அவரை வந்து பாக்கச் சொல்லுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். மாமாவிடம் அக்கா முகத்துக்கு நேரே நின்று சொன்னாள்.

"புகையா? என் விறகா?" என்று அவர் சிரித்தார். "சிம்னியில அடைப்பு இருக்கும். வா மாப்ள, காட்டிட்டு வரலாம்."

அவர் வண்டியை எடுப்பதற்குள் நான் யார்டில் மீதி கிடந்த அந்தக் கட்டைகளில் இரண்டைத் தட்டினேன். தப். வேறு இரண்டு. தப். அங்கே போய் நாலு பேர் நடுவில் அவர் தட்டிக் காட்டப்போகிறார். அதைத் தடுத்தாக வேண்டும். தடுக்க வேண்டுமானால் காரணம் சொல்லியாக வேண்டும்.

வண்டியில் சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்கே ஆச்சரியம். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவில்லை. கண்ணாடிக்கு வெளியே போகிற ரோட்டைப் பார்த்துக்கொண்டு, வீங்கின கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. அந்தக் கட்டை பச்சை. சிம்னியில ஒண்ணும் இல்ல. உங்களுக்குக் காது முன்ன மாதிரி இல்ல மாமா. மழையிலேருந்தே எனக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும். இத்தனை மாசமா நான்தான் தட்டிப் பொறுக்கிட்டு இருந்தேன். அங்க போய் தட்ட வேணாம். கட்டை நனைஞ்சுபோச்சு, மாத்தித் தர்றோம்னு மட்டும் சொல்லுவோம். உங்கப்பா மாதிரி உங்களை நாங்க விட மாட்டோம். நான் இருக்கேன்ல? நான் பேசாம இருப்பேனா?"

"ம்" என்றார்.

கொஞ்ச தூரம் போய் மறுபடியும் "ம்" என்றார். குரலில் கோபம் இல்லை. இவ்வளவு லேசாக ஏற்றுக்கொண்டாரே, ஏழு மாதம் எதற்காகப் பயந்தேன் என்று நினைத்தேன். மார்பில் வைத்திருந்த கல்லை எடுத்த மாதிரி இருந்தது. மூச்சு விட்டேன். பல் வலிகூட குறைந்த மாதிரி தோன்றியது.

பேக்கரியின் பின்கட்டில் அடுப்பின் வாய் கரிபிடித்துக் கிடந்தது. இரண்டு வேலையாட்கள் கையெல்லாம் மாவோடு நின்றார்கள். விற்க முடியாத ரொட்டியை மூன்று கோணிகளில் கட்டிச் சுவரோரம் சாய்த்திருந்தார்கள். பேக்கரியம்மா ஒரு ரொட்டியைப் பிய்த்து ஆளுக்குப் பாதியாகக் கொடுத்தார். என்னால் மெல்ல முடியவில்லை, நாக்கில் வைத்ததுமே புகை. மாமா பொறுமையாக மென்று விழுங்கினார்.

"அண்ணே, விறகு ஈரம்" என்றார் அந்த அம்மா, சத்தமாகவே.

நான் வாயைத் திறந்தேன். ‘நனைஞ்சுபோச்சு, மாத்தித் தர்றோம்’ என்பது நாக்கு நுனியில் இருந்தது. அதற்குள் மாமா விறகு அடுக்கியிருந்த மூலைக்குப் போய்விட்டார். நான் ஏதோ ஜாடை காட்டினேன். அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை. அடுக்கிலிருந்து இரண்டு கட்டைகளை உருவினார்.

"அடைப்பு சிம்னியில. எல்லாரும் இங்க வாங்க" என்றார். வேலையாட்களையும் கையசைத்துக் கூப்பிட்டார். "இருபத்தேழு வருஷத்துல ஒரு ஈரக்கட்டை இந்தக் கையால எறக்கினதில்ல. நான் சொல்லலை, கட்டை சொல்லும்."

கையை உயர்த்தி ஓங்கித் தட்டினார்.

தப்.

அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. "கேட்டீங்களா?"

பேக்கரியம்மா அவரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஒரு வேலையாள் கையிலிருந்த மாவைத் தேய்த்து உதிர்த்துக்கொண்டே இருந்தான். மாமா இன்னும் இரண்டை எடுத்துத் தட்டினார். தப். மறுபடியும் தட்டினார். அந்தச் சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை. ஓடிப்போய்க் கையைப் பிடித்திருக்கலாம். பிடித்து என்ன சொல்வது?

"கேட்டீங்களாம்மா?"

பேக்கரியம்மா அவருக்கு நேரே வந்து நின்றார். "கேட்டுச்சுண்ணே" என்றார். "சிம்னியைத்தான் பாக்கச் சொல்லணும்."

"அதான் சொன்னேன்!" மாமா கட்டைகளை அடுக்கில் திருப்பி வைத்து, மற்றவற்றோடு சமமாக வரும்படி முனையைத் தட்டிச் சரிசெய்தார். வாசலில் நின்ற வண்டிக்குப் போய்ப் பின்கதவின் கயிற்றை இழுத்துக் கட்ட ஆரம்பித்தார்.

அவர் முதுகுக்கு இரண்டு முழம் தள்ளி நின்றுகொண்டு அந்த அம்மா என்னிடம் பேசினார். குரலைத் தாழ்த்தவில்லை. சாதாரணமாகத்தான் பேசினார்.

"தம்பி, திங்கட்கிழமை கேஸ் அடுப்பு வருது. நேத்தே சொல்லியாச்சு. எனக்கு வேற வழியில்ல, ரெண்டு நாள் ரொட்டியைக் குப்பையில போட்டிருக்கேன். இந்த வெறகை அப்புறம் வந்து எடுத்துக்கங்க. அண்ணன்கிட்ட என்னால சொல்ல முடியாது. நீங்களே சொல்லிடுங்க."

மாமா முடிச்சைப் போட்டு, இழுத்துப் பார்த்து, இன்னொரு முடிச்சும் போட்டார். திரும்பினார். அந்த அம்மாவைப் பார்த்து, "அடுத்த லோடு வியாழக்கிழமை வழக்கம்போல வந்துடும்மா" என்றார். அந்த அம்மா தலையாட்டினார். உள்ளே போய்விட்டார்.

வண்டி கிளம்பியது. வண்டியில் ஏறிய நாளாக முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரும்போது நான் சொன்னதெல்லாம் எங்கே போயிற்று என்று புரிந்துவிட்டது. அவர் ‘ம்’ கொட்டியது எனக்கில்லை. ரோட்டுக்கு.

கடைத்தெருவைத் தாண்டி, திருப்பத்தில் இண்டிகேட்டரைப் போட்டார். அப்புறம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"மாப்ள, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டியே?"

நான் அவர் பக்கம் திரும்பித் தலையை அசைத்தேன்.

"என்மேல உனக்கு என்ன கோவம்?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"முன்னெல்லாம் வண்டியில ஏறினா எறங்குற வரைக்கும் ஏதாவது சொல்லிட்டே வருவே. போன மழைக்கு அப்புறம் வாயே தொறக்கறதில்ல. வீட்ல நல்லாப் பேசறே. வண்டியில ஏறினா ஊமைச்சாமி. நானும் கேக்கலாம் கேக்கலாம்னு மென்னு முழுங்கிட்டே இருந்தேன். கட்டை ஏத்தற வேலைக்கு வந்துட்டோமேன்னு மனசுல வருத்தமா? நான் எதாவது சொல்லிட்டேனா?"

இந்த ஏழு மாதத்தில் நான் அவருக்குச் சொன்ன கதைகளை அடுக்கினால் இரண்டு லோடு வரும். மீன்தொட்டிக் கடையில் ஒருத்தன் மீனைத் திருப்பிக் கொடுக்க வந்த கதையை மட்டும் நாலு முறை சொல்லியிருப்பேன். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. பல் வலிக்கிற மாதிரி கன்னத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல மாமா!" என்று கத்தினேன். ரோட்டோரம் சைக்கிளில் போனவர் திரும்பிப் பார்த்தார்.

"அதுக்கு ஏன்டா இப்படிக் கத்தறே?" என்று சிரித்துவிட்டார். முகம் சட்டென்று லேசாகிவிட்டது. "சரி சரி. அப்பப் பேசிட்டு வா. நீ பேசாம வந்தா பக்கத்துல ஆளே இல்லாத மாதிரி இருக்கு மாப்ள. எனக்குப் பிடிக்கலை."

பேசினேன். வேறென்ன செய்வது? திங்கட்கிழமை கேஸ் அடுப்பு வருவதைச் சொன்னேன். வியாழக்கிழமை லோடு வேண்டாம் என்பதைச் சொன்னேன். அவர் தட்டின கட்டை தப் என்றதையும், அதைக் கேட்டு நாலு பேர் தலைகுனிந்து நின்றதையும் சொன்னேன். ஆணியில் மாட்டின மூடியைச் சொன்னேன், கட்டிலைச் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. ஆனால் கத்தவில்லை. சாதாரணக் குரலில், என் வழக்கமான குரலில், ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அது அவருக்கு எட்டாது என்று தெரிந்துதான் சொன்னேன். ஓரக்கண்ணால் பார்க்கிறவருக்கு வாய் அசைவது தெரிந்தால் போதும் என்று கையையும் ஆட்டி ஆட்டிச் சொன்னேன்.

"ம்" என்றார் அவர். "ம்... ம்."

இண்டிகேட்டர் அடித்துக்கொண்டே இருந்தது. நான் நிறுத்தவில்லை.

"இப்பத்தான் மாப்ள நல்லா இருக்கு" என்றார்.